பழைய சிட்டி 1.5: ரேடியேட்டர் காற்றோட்டத்துக்கு அண்டர் பேனல் அடிப்பது எப்படி?

#1 கொங்கு_விடெக்

வணக்கம்ங்க. வண்டி 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இன்ஜினுக்கு அடியில இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர் முந்தைய ஓனர் காலத்துலயே போயிடுச்சு. ஊருக்குள்ள டிராஃபிக்ல ஒரு பிரச்சனையும் இல்லீங்க, ஃபேன் ஓடுது, அணையுது. ஹைவேல ஏசி போட்டு 100-ஐத் தாண்டினாத்தான் கூலண்ட் 101, 102 டிகிரி வரைக்கும் ஏறுது. வேகத்தை 80-க்கு இறக்கினா மெதுவா இறங்குது. வெளி வெப்பம் 36. டேஷ்போர்டு மீட்டரை வச்சுச் சொல்லல. மேல் ஹோஸ் கழுத்துல கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கற கம்பி) கட்டிப் பார்த்த கணக்கு.

ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் புதுசு. ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்கு கூலண்ட்ல எக்ஸாஸ்ட் கேஸ் கலக்குதான்னு கெமிக்கல் டெஸ்ட்டும் பண்ணியாச்சு, நிறம் மாறல.

யோசனை இதுதான்: 16 கேஜ் அலுமினிய ஷீட்ல பம்பர் அடியில இருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) வரைக்கும் ஒரே தட்டையா மூடி, நடுவுல ரெண்டு நாகா டக்ட் (தட்டுக்குள்ள பதிஞ்ச, காத்தை உள்ளே இழுக்கற சரிவு வாய்) வெட்டி இன்ஜினுக்குக் காத்து குடுக்கறது. கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்குக்கும் அப்பப்ப வண்டி போகும். ஷீட் வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்க கருத்து வேணும்.

#2 அழுத்தமானி

ஷீட்டை அப்புறம் வாங்கலாம். ஃபயர்வால் வரை மூடினால் இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

ரேடியேட்டர் வழியாகக் காற்று போவதற்கு ஒரே காரணம் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். முன்பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் காற்றை முழுசாகத் தடுத்து நிறுத்தினால் கிடைப்பது சுமார் 463 பாஸ்கல், அதாவது 47 மி.மீ. தண்ணீர் உயரம். 80-ல் 30 மி.மீ., 60-ல் 17 மி.மீ., 30-ல் வெறும் 4 மி.மீ. நம்மிடம் இருக்கும் மூலதனம் இவ்வளவுதான்.

அண்டர் கவர் இல்லாத வண்டியில் பம்பருக்கு அடியில் நுழையும் காற்று மேலே ஏறி இன்ஜின் பே-க்குள் புகுந்துவிடும். அதனால் ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தம் உயரும், வித்தியாசம் குறையும், காற்று உள்ளே வராமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். ஊருக்குள் சூடேறி ஹைவேயில் இறங்கினால் ஃபேனைச் சந்தேகப்படணும், உங்களுக்கு நேர் எதிராக இருக்கிறது.

அப்படியென்றால் பேனலின் வேலை காற்றை உள்ளே கொண்டுவருவது இல்லை. கீழ்க்காற்று மேலே ஏறாமல் தடுப்பது, ரேடியேட்டர் வழியாக வந்த காற்றுக்கு வெளியேற வழி விடுவது. ரெண்டாவதை மறந்துவிட்டு முழுசாக மூடினால் இன்ஜின் பே ஒரு அடைத்த பெட்டி. நாகா டக்ட் வைத்து அந்தப் பெட்டிக்குள் இன்னும் காற்று ஊதினால் பின்பக்க அழுத்தத்தை நீங்களே கூட்டுகிறீர்கள். டக்ட்டைத் திருப்பி வைத்து வெளியேற்றும் வழியாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் வடிவம் உள்ளே இழுப்பதற்கானது, திருப்பினால் வேலை செய்யாது.

ஆரம்பிப்பதற்கு முன் ரெண்டு அளவு வேண்டும். மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் ஹைவே சூட்டில் எத்தனை டிகிரி வித்தியாசம்? ரேடியேட்டரைச் சுற்றி எவ்வளவு இடைவெளி?

#3 கொங்கு_விடெக்

மேலே 101, கீழே 97. நாலு டிகிரிதாங்க. ரேடியேட்டருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் போற சந்து, அடியில ஒரு விரல். மேல பானட் லாக் பேனலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுலயும் ஒரு கை நுழையுது. முன்னாடி பம்பர் திறப்பை அட்டை வெட்டி அளந்தேன், கிரில் குறுக்குக் கம்பியெல்லாம் கழிச்சு 700 சதுர செ.மீ. வருது.

#4 அழுத்தமானி

நாலு டிகிரி வித்தியாசம், ஆனாலும் சூடு என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, அதன் சூட்டை எடுத்துக்கொள்ளத்தான் காற்று இல்லை. வித்தியாசம் 12, 15 என்று இருந்திருந்தால் பம்ப், தெர்மோஸ்டாட், அடைப்பு, சுருங்கும் கீழ் ஹோஸ் என்று தேடச் சொல்லியிருப்பேன்.

முதல் வேலை பேனல் இல்லை, அந்தச் சந்துகள். ரேடியேட்டர் கோர் காற்றுக்குப் பெரிய தடை. பக்கத்தில் திறந்த சந்து இருந்தால் காற்று அதில்தான் போகும். 12 மி.மீ. தடிமனில் ஈ.பி.டி.எம். ரப்பர் ஃபோம், தண்ணீர் குடிக்காத மூடிய துளை ரகம், வாங்கி நாலு பக்கமும் அழுத்தி ஒட்டுங்கள். மெத்தை ஸ்பாஞ்ச் வேண்டாம், தண்ணீர் குடித்து ரேடியேட்டர் விளிம்பை அரிக்கும். கை நுழைகிற மேல் இடைவெளிக்கு ஃபோம் போதாது, 1 மி.மீ. அலுமினியத்தில் எல் வடிவப் பட்டை அடித்து அதன் விளிம்பில் ஃபோம். முன்னால் இருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள பக்கச் சந்தையும் மூடணும், பலரும் அதை விட்டுவிடுவார்கள்.

ஒரு பக்கப் பலன்: சிக்னலில் நிற்கும்போது ஃபேன் தள்ளும் சூடான காற்று அந்தச் சந்துகள் வழியாகவும் அடிவழியாகவும் சுற்றி மறுபடி முன்னால் வராது.

பேனல் வடிவத்துக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருக்கும் ஹோண்டா டி சீரிஸ் இன்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம். டவுன்பைப் (கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இறங்கி சம்ப்புக்கு (இன்ஜின் ஆயில் தொட்டி) அடியில் பின்னால் போகும். அதனால் ஒரே தட்டு சரிவராது. மூன்று துண்டு:

முன் துண்டு 900 x 420 மி.மீ., பம்பர் விளிம்பில் ஆரம்பித்து டவுன்பைப்புக்கு 60 மி.மீ. முன்னால் முடியணும். பக்கத் துண்டுகள் ரெண்டு, ஒவ்வொன்றும் 300 x 400, இடமும் வலமும். நடுவில் 300 மி.மீ. அகலத்துக்குப் பைப் போகும் பாதை திறந்தே இருக்கட்டும். பக்கத் துண்டுகள் பின் பீமுக்கு (இன்ஜினுக்குப் பின்னால் குறுக்கே போகும் பீம்) 100 மி.மீ. முன்னாலேயே நிற்கணும்.

வெளியேறும் பரப்பு: நடுப்பாதை 30 x 40 = 1200 சதுர செ.மீ., சம்ப்பும் பைப்பும் பாதியை மறைக்கும், 600. பின் இடைவெளி ரெண்டு பக்கமும் சேர்த்து 600, அதில் டிரைவ்ஷாஃப்ட், ராட் எல்லாம் கழித்து 60 சதவீதம் வைத்தால் 360. மொத்தம் 960. உங்கள் நுழைவு 700. விகிதம் 1.37. 40 டிகிரியில் நுழையும் காற்று 90 டிகிரியில் வெளியேறினால் அதன் கன அளவே 16 சதவீதம் கூடும், அதனால் 1.2-க்குக் கீழே போகாதீர்கள்.

முன் துண்டின் பின்விளிம்பைக் கீழ்நோக்கி 20 மி.மீ., 45 டிகிரி மடியுங்கள். அந்த மடிப்புக்குப் பின்னால் அழுத்தம் குறையும், அங்கேதான் உங்கள் வாசல் இருக்கிறது. வாசலின் பின்பக்க விளிம்பை மட்டும் கீழே மடித்துவிடாதீர்கள், அது காற்றை அள்ளி உள்ளே போடும்.

#5 தகரம்16கேஜ்

வடிவத்தை அழுத்தமானி அண்ணன் சொல்லிட்டாரு. பட்டறை வேலையை நான் சொல்றேன்.

ஷீட்: 5052 எச்32 ரக அலுமினியம், 1.6 மி.மீ. கடையில 16 கேஜ்னு கேட்டா அதுதான் வரும். 8 x 4 அடி முழு ஷீட் 12.8 கிலோ, கிலோ கணக்குலதான் போடுவாங்க. உங்களுக்கு வேண்டியது முக்கால் சதுர மீட்டர், கட் பீஸ் கேளுங்க. 6061 டி6 சும்மா குடுத்தாலும் வேண்டாம், மடிச்சா விளிம்புல விரிசல் விடும். பாத்திரம் அடிக்கிற மெல்லுசு அலுமினியமும் வேண்டாம், ஒரு கல்லு பட்டா குழிஞ்சிடும். மூணு துண்டும் விளிம்பு மடிப்போட சேர்த்து 3 கிலோ வரும்.

வண்டியை நாலு ஸ்டாண்டுல ஏத்துங்க. ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. ரேடியேட்டர் சப்போர்ட் நடுவுல இருந்து பின் பீம் நடுவு வரைக்கும் ஒரு நூல் கட்டுங்க, எல்லா அளவும் அந்த நூல்ல இருந்துதான். ஃப்ரிட்ஜ் வர்ற அட்டைப் பெட்டியை வெட்டி டெம்ப்ளேட். அட்டைய ஒரேயடியா வெட்டாம பெரிசா வச்சு, இடிக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழிங்க. அதிகமா வெட்டிட்டா மாஸ்கிங் டேப் போட்டு அட்டையிலயே ஒட்டிக்கலாம், ஷீட்ல அது முடியாது.

இடைவெளிக் கணக்கு: இன்ஜின், கியர்பாக்ஸ் கிட்ட 25 மி.மீ. ஆக்சிலரேட்டர் அமுக்கி விட்டா இன்ஜின் மவுண்ட் மேல ஆடும். அடிச்சப்புறம் கட கடன்னு சத்தம் வர்றதுக்குப் பாதிக் காரணம் அதுதான். டவுன்பைப்புக்கு 50-க்குக் குறையக் கூடாது. குறையிற இடத்துல 0.5 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் தகட்டை 8 மி.மீ. ஸ்பேசர் வச்சு நடுவுல காத்து போற மாதிரி ஷீல்டு போடுங்க. தகட்டை அலுமினியத்தோட ஒட்டிப் போட்டா ஷீல்டும் சுடும் ஷீட்டும் சுடும். லோயர் ஆர்ம், டை ராட் இருக்கிற பக்கத்துல சக்கரத்தை முழுசாத் தொங்கவிட்டும் பாக்கணும், ஜாக்கால மேல தள்ளியும் பாக்கணும், ரெண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுசாத் திருப்பியும் பாக்கணும்.

வெட்டு: ஜிக்சா, இஞ்சுக்கு 18 பல் பைமெட்டல் பிளேடு, வழியில கொஞ்சம் மெழுகு தேச்சுக்கிட்டா அலுமினியம் பல்லுல அப்பாது. கிரைண்டர் வீல் போடாதீங்க, அடைஞ்சு சூடேறி வீல் உடையும். வெட்டின விளிம்பு எல்லாத்தையும் அரத்தால தேய்ங்க, பிசிறு இருந்தா அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

மடிப்பு: முன் துண்டோட பின்விளிம்பைத் தவிர, சுத்தி வர 18 மி.மீ. மேல்நோக்கி மடிப்பு. தட்டையான ஷீட் ஹைவேல டமார் டமார்னு அடிக்கும், மடிப்பு இருந்தா அடிக்காது. உள் ஆரம் 2.5 மி.மீ. வைங்க. அப்படி வச்சா ஒவ்வொரு 90 டிகிரி மடிப்புக்கும் வெளி அளவுகளைக் கூட்டி அதுல 3.2 மி.மீ. கழிச்சு வெட்டணும். ரெண்டு மடிப்பு சேர்ற மூலையில மடிக்கிறதுக்கு முன்னாடியே 5 மி.மீ. ஓட்டை போட்டுடுங்க. ஷீட்ல உருட்டின கோடு கண்ணுக்குத் தெரியும், நீளமான மடிப்பு அந்தக் கோட்டுக்குக் குறுக்கா வரட்டும். நடுவுல 250 மி.மீ.க்கு ஒரு பீட் (ஷீட் விறைக்கறதுக்கு உருட்டற நீள வரி மேடு) உருட்டுங்க. பீட் மெஷின் இல்லாத பட்டறைன்னா 20 x 20 ஆங்கிள் ரெண்டு, 4.8 ரிவெட், 75 மி.மீ. இடைவெளி.

மாட்டுறது: கம்பெனி குடுத்த எம்6 வெல்டு நட் பழைய கவருக்கானது சப்போர்ட்ல இருக்கும், மரை வெட்டற டேப் கருவி போட்டுத் துருவை எடுத்து அதையே பயன்படுத்துங்க. இல்லாத இடத்துல யு நட் (விளிம்புல செருகற கிளிப் நட்) மாட்டுங்க, சேஸிஸ்ல ஓட்டை போடாதீங்க. வேற வழியே இல்லன்னா ரிவ்நட் (ரிவெட் மாதிரி பிடிக்கிற நட்), 9 மி.மீ. ஓட்டை, ஓட்டை விளிம்புல ஜிங்க் பிரைமர். முன் விளிம்புல 150 மி.மீ.க்கு ஒண்ணு, மத்த இடத்துல 250. ஒரே ஒரு ஓட்டை மட்டும் வட்டம், மத்ததெல்லாம் 7 x 12 நீள ஓட்டை. 25 மி.மீ. பெரிய வாஷர், அடியில ரப்பர் வாஷர். முறுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். ரப்பர் பிதுங்கிற அளவுக்கு இறுக்கினா ஷீட் நகர இடமில்லாம வாஷரைச் சுத்திக் கிழியும்.

மூணு துண்டும் சேர்ற இடத்துல ஓடு வேயிற மாதிரிதான்: முன் துண்டோட விளிம்பு கீழ்ப்பக்கம், பின் துண்டு அதுக்கு மேல. மாத்திப் போட்டா கல்லும் தண்ணியும் விளிம்பைப் பிடிச்சு உரிக்கும்.

#6 கொங்கு_விடெக்

ரொம்ப நன்றிங்கண்ணா. ஒரு சந்தேகம். போர்டு அடிக்கிற கடையில 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் மிச்சத் துண்டு சல்லிசாக் கிடைக்குது. வளைக்கறதும் சுலபம்ங்கறாங்க. அதையோ, எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் ஷீட்டையோ போட்டா என்னங்க?

#7 நைலான்_நட்

ஏ.சி.பி. வேண்டாம். வெளியில் தெரிவது ரெண்டு மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பாலிஎத்திலீன். எரியும். அதன் நடுப்பகுதி 110 டிகிரி வாக்கில் இளகும், உங்கள் டவுன்பைப் எத்தனையோ மடங்கு சூட்டில் இருக்கிறது. கடை போர்டுக்கு நல்ல பொருள், எக்ஸாஸ்ட் பக்கத்தில் இல்லை. வளைக்க உள்பக்கம் வி வெட்டு போடுவார்கள், அப்புறம் அந்த மடிப்பில் ஒரே தோல்தான் மிச்சம். அதிர்வில் அங்கேதான் முறியும்.

எச்.டி.பி.ஈ. வேறு கதை. எனக்கு முன் துண்டுக்கு அதுதான் பிடிக்கும். 3 மி.மீ.யில் 900 x 420 துண்டு ஒரு கிலோவுக்கு சற்று மேல். வேகத்தடையில் உரசினால் அலுமினியம் மடிந்துபோகும், இது வளைந்து திரும்பும். கல் அடிக்கும் சத்தமும் குறைவு. ஆனால் ரெண்டு சங்கடம். ஒன்று, சூட்டில் விரியும் அளவு: 900 மி.மீ. நீளம் 60 டிகிரி சூடேறினால் 8 மி.மீ. வரை நீளும். அலுமினியம் அதே சூட்டில் 1.2 மி.மீ.தான். அதனால் 7 x 12 ஓட்டை போதாது, 7 x 18 போடுங்கள், இல்லையென்றால் மதிய வெயிலில் அலை அலையாக உப்பும். ரெண்டாவது, 80 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். பைப்புக்குப் பக்கத்தில் வரும் பின்விளிம்பு 100 மி.மீ. மட்டும் அலுமினியப் பட்டையாக அடித்து ரிவெட் வைத்துச் சேருங்கள், 20 மி.மீ. மடிப்பும் அதிலேயே வரட்டும். ரிவெட்டுக்கு பிளாஸ்டிக் பக்கம் வாஷர் கட்டாயம்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிரேக் ஆயிலும் பெட்ரோலும் பட்டால் வெடிப்பு விடும்.

#8 தகரம்16கேஜ்

பிளாஸ்டிக் முன் துண்டுக்கு நான் எதிரி இல்ல. ஆனா இவரு கரி ட்ராக்குக்கும் போறேங்கறாரு. 140-ல முன் துண்டு மேல விழக்கூடிய அதிகபட்ச விசை 35 கிலோ. 3 மி.மீ. எச்.டி.பி.ஈ. நடுவுல தொங்கும், தொங்கினா காத்தை அள்ளும், அள்ளினா இன்னும் தொங்கும். நீளவாக்குல மூணு அலுமினிய ஆங்கிள் போட்டாத்தான் நிக்கும், அப்ப எடையில மிச்சம் பண்ணினது போச்சு. ரோட்டுக்கு மட்டும்னா பிளாஸ்டிக், ட்ராக்குன்னா அலுமினியம். என் கணக்கு அதுதான்.

#9 பானட்_வாஷர்

இவ்வளவு வேலை எதுக்கு ப்ரோ? பானட் பின்பக்கக் கீலுக்கு அடியில் ரெண்டு ரெண்டு வாஷர் போட்டு 15 மி.மீ. தூக்கிவிட்டால் சூடு தானாக வெளியே போய்விடும். நிறையப் பேர் செய்கிறார்கள்.

#10 அழுத்தமானி

நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மை. வைப்பர் இருக்கும் பள்ளம், கண்ணாடியின் அடிவாரம், அங்கே ஓடும் வண்டியில் அழுத்தம் அதிகம். கேபினுக்குள் போகும் காற்றை எல்லாக் கம்பெனியும் அங்கிருந்து எடுப்பதே அதனால்தான். பானட்டைத் தூக்கினால் வேகத்தில் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும், ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். வண்டி நிற்கும்போது மட்டும் சூடு மேலே போகும், அப்போது வரும் எக்ஸாஸ்ட் வாடை கேபின் காற்றோடு சேர்ந்து உள்ளே வரும். இவருடைய பிரச்சனை 100-ல் வருவது, அதற்கு இது எதிர்மருந்து.

நூல் துண்டுகளை டேப் போட்டு அந்தச் சந்தில் ஒட்டி, கேமரா வைத்து ஓட்டிப் பாருங்கள், நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

#11 வேளச்சேரிக்காரன்

சென்னைல இருந்து ஒரு விஷயம். மழைத்தண்ணில ஓட்டுறவங்க முன் விளிம்பைக் கவனிச்சு செய்யணும். காத்து அடிக்கிற வேகத்துக்குக் கணக்குப் போட்டது தண்ணிக்கு எடுபடாது. 40 கி.மீ. வேகத்துல தேங்கின தண்ணில மோதினா ஒரு சதுர செ.மீ.க்கு 600 கிராம் மேல விசை. பேனலோட முன் விளிம்புல கீழ 50 மி.மீ. தொங்கற உதடு 900 அகலம்னா 450 சதுர செ.மீ., 280 கிலோ. எம்6 போல்ட் தாங்கும், பிளாஸ்டிக் பம்பர் விளிம்பு தாங்காது, பேனலோட பம்பரும் சேர்ந்து வரும்.

அதனால முன்னாடி தொங்கற உதட்டை உலோகத்துல செய்யாதீங்க. மட் ஃப்ளாப் ரப்பர், 5 மி.மீ. தடிமன், 40 மி.மீ. தொங்கல். தண்ணி பட்டா பின்னால மடங்கும், வேகத்தடை பட்டாலும் மடங்கும். முன் துண்டுல மூணு நாலு இடத்துல 10 மி.மீ. வடிகால் ஓட்டை, பள்ளமான மூலையில. சேறு தங்கினா ஃபோம் ஒட்டின இடத்துலதான் துரு பிடிக்கும்.

தரை உயரம்: இருக்கிறதுல தாழ்ந்த பாகம் எதுவோ அதுக்குக் கீழ பேனல் வரக்கூடாது. இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம், அதுல எந்த வண்டியும் இடிக்காது. நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரி போடற தடை எந்தக் கணக்குலயும் வராது.

#12 கொங்கு_விடெக்

மட் ஃப்ளாப் ரப்பர் நல்ல யோசனைங்க. இன்னொண்ணு. கடையில ரெடிமேடா 3 மி.மீ. இரும்பு சம்ப் கார்டு விக்கிறாங்க, முழுசா மூடும். அதுல சல்லடை மாதிரி ஓட்டை போட்டுக்கலாமான்னு ஒருத்தர் கேக்கறாரு.

#13 தகரம்16கேஜ்

அது கல்லுல இருந்து சம்ப்பைக் காப்பாத்துற பொருள், காத்துக்கு இல்ல. 900 x 800 துண்டு 3 மி.மீ. இரும்புன்னா 17 கிலோ, எல்லாம் முன் ஆக்சிலுக்கு முன்னாடி. டவுன்பைப் அடியில ஓடுற வண்டியில அந்தச் சூடு முழுக்க சம்ப் ஆயிலுக்குப் போகும். ஓட்டை போட்டாலும் தட்டையான ஓட்டை வழியாக் காத்து எந்தப் பக்கமும் போகும், உள்ளே வர்றதையும் தடுக்காது.

ஓட்டைக்குப் பதிலா லூவர் (ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த உப்பல்) போட்டா அர்த்தம் இருக்கு. பக்கத் துண்டுல 80 மி.மீ. நீளம், 10 மி.மீ. உயரம், கீழ்நோக்கி உப்பி வாய் பின்பக்கம் பார்த்த மாதிரி. ஆறு லூவர் போட்டா 48 சதுர செ.மீ. கூடும். அந்த 960-க்கு முன்னாடி அது பெரிசில்ல, அதை அழுத்தற டை (அச்சு) வச்சிருக்கற பட்டறை கிடைச்சா மட்டும் போடுங்க.

#14 கொடி_மார்ஷல்

ட்ராக் பக்கத்திலிருந்து மூன்று விஷயம்.

எண்ணெய். பேனல் வந்தபின் சொட்டுவது கீழே விழாது, தட்டில் தேங்கும். சூடான பைப் 50 மி.மீ. தூரத்தில். ஒவ்வொரு முறை வண்டியை ட்ராக்கில் இறக்குவதற்கு முன்பும் பேனலைத் துடைப்பது வேலையில் ஒன்றாக இருக்கணும். பேனலுக்கு உள்பக்கம் ஃபோம், ஃபெல்ட் எதையும் சத்தத்துக்காக ஒட்டாதீர்கள், அது எண்ணெய் குடிக்கும்.

கழன்று விழுதல். முன் விளிம்பில் ஒரு போல்ட் போனால் காற்று பேனலை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் கொண்டுபோகும். நைலாக் நட் (தானாகத் தளராத நைலான் வளைய நட்) போடுங்கள். பெயிண்ட் மார்க்கர் வைத்து போல்ட் தலையிலிருந்து பேனல் வரை ஒரு கோடு கிழித்தால் தளர்ந்தது பார்த்தவுடன் தெரியும். கால் சுற்று திருகினாலே கழலும் ஃபாஸ்டனர் பின் துண்டுகளுக்குச் சரி, முன் விளிம்புக்கு வேண்டாம்.

அணுகல். டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர், ரேடியேட்டர் டிரெயின், இழுவைக் கொக்கி. கொக்கியை மூடிய பேனலோடு சரளைக்கற்குழியில் மாட்டிய வண்டியை எடுக்க வருபவர் உங்கள் பேனலைப் பார்த்து வருத்தப்பட மாட்டார்.

#15 அழுத்தமானி

சோதிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

வெறும் டெம்பரேச்சர் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இந்த இன்ஜினின் தெர்மோஸ்டாட் 78 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து 90-ல் முழுசாகத் திறக்கும். அதற்குக் கீழே கூலண்ட் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், காற்று இல்லை. பேனல் நன்றாக வேலை செய்தாலும் 86, சுமாராக வேலை செய்தாலும் 86 காட்டும். 90-க்கு மேல் போகும் சுமையில், அதாவது ஏசி முழுசாக, 100 கி.மீ. வேகத்தில், பதினைந்து நிமிடம் ஓட்டி, கூலண்ட் சூட்டிலிருந்து வெளி வெப்பத்தைக் கழித்து வரும் எண்ணை எழுதுங்கள். உங்கள் இப்போதைய எண் 102 - 36 = 66. நாளை வெளி வெப்பம் 31 ஆக இருந்தாலும் ஒப்பிடலாம்.

அழுத்தத்தை நேரடியாகப் பார்க்க மீன்தொட்டிக் குழாய் 4 மி.மீ., நாலு மீட்டர் நீளத்தில் ரெண்டு. ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, கலர் கலந்த தண்ணீர் பாதி. ஒரு முனை ரேடியேட்டர் முன்னால், மறுமுனை பின்னால், ஃபேனைச் சுற்றிய மூடிக்குள் (ஷ்ரவுடு). காற்றைப் பார்த்துக் குழாய் வாயைத் திறந்து வைக்கக் கூடாது. முனையை எம்சீல் போட்டு அடைத்து, அதிலிருந்து 20 மி.மீ. தள்ளிப் பக்கவாட்டில் 1 மி.மீ. ஓட்டை நாலு. குழாயைக் காற்றுப் போகும் திசையிலேயே படுக்க வைத்தால் ஓட்டைகள் காற்றுக்குக் குறுக்கே வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிக்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

ஒரே ரோட்டில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுங்கள், எதிர்காற்றின் கணக்கு அதில் ஓரளவு அடிபட்டுப் போகும். அவிநாசியிலிருந்து பெருந்துறை பக்கம் உள்ள நேர் நீளம் போதும். காற்றின் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் போல ஏறும். 20 மி.மீ. 30 ஆனால் காற்று 22 சதவீதம்தான் கூடும், 50 இல்லை.

வரிசையும் முக்கியம்: முதலில் ஃபோம் மட்டும், அளவு. அப்புறம் முன் துண்டு, அளவு. அப்புறம் பக்கத் துண்டுகள், அளவு. பக்கத் துண்டு போட்டபின் எண் மோசமானால் வாசல் போதவில்லை என்று பொருள், பின் இடைவெளியை 100-லிருந்து 140 ஆக வெட்டுங்கள். கோத்தகிரி ஏற்றத்தில் சோதித்து ஒரு வித்தியாசமும் இல்லை என்று எழுத வேண்டாம். 30 கி.மீ. வேகத்தில் இருப்பது 4 மி.மீ. தண்ணீர் அழுத்தம், அங்கே ஃபேன்தான் ராஜா.

#16 கொங்கு_விடெக்

சரிங்கண்ணா. முடிவு பண்ணினது: முதல்ல ஃபோமும் மேல் எல் பட்டையும். முன் துண்டு 5052, 1.6 மி.மீ., 900 x 420, பின்விளிம்பு 20 மி.மீ. மடிப்பு. பக்கத் துண்டுகள் அதே ஷீட். உதடு மட் ஃப்ளாப் ரப்பர் 40 மி.மீ. நாகா டக்ட் கிடையாது. ஆயில் டிரெயின் போல்ட் நடுப்பாதையிலயே வருது, தனி ஓட்டை வேண்டாம். ரேடியேட்டர் டிரெயினுக்கு மட்டும் முன் துண்டுல மூடியோட ஒரு ஓட்டை. கீல் வச்ச மூடியா, திருகு மூடியா?

#17 தகரம்16கேஜ்

கீல் வேண்டாம், அதிர்வுல ஒரே மழைக்காலத்துல தேஞ்சு தொங்கும். 60 மி.மீ. வட்ட ஓட்டை, 90 மி.மீ. வட்ட மூடி உள்பக்கமா வச்சு எம்5 ரெண்டு, கீழ இருந்து திருகற மாதிரி. மூடி உள்பக்கம் இருந்தா காத்துக்கு விளிம்பு கிடைக்காது. ஓட்டையைச் சுத்தி 6 மி.மீ. உயரத்துக்கு விளிம்பைக் கீழ்நோக்கி உருட்டிடுங்க, கூலண்ட் தட்டு மேல பரவாம நேரா டப்பாவுல விழும்.